பதினைந்து வயதுக்குள் பல் அடைக்கும்போது: பாதரச விதி என்ன சொல்கிறது?

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பல்லில் சொத்தை. அடைத்தாக வேண்டும். எதைக் கொண்டு அடைப்பது என்பதைப் பற்றி ஒரு சர்வதேச விதி இருக்கிறது. பெற்றோர் பலருக்கு அது தெரிவதில்லை.

வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் சாம்பல் நிற அமல்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. உலகளவில் பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா ஒப்பந்தம், இந்த அடைப்பை முதலில் மென்மையாகவே அணுகியது. குறைப்பதற்கு ஒன்பது வழிகளைப் பட்டியலிட்டு, அவற்றில் இரண்டையாவது கடைப்பிடிக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம்தான் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பாற்பற்களுக்கும், 15 வயது நிரம்பாதவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமல்கம் வேண்டாம் என்பது அதன் சாரம். 2023 செப்டம்பர் 28 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். உறுப்பு நாடு இதைத் தடை செய்யலாம். அல்லது ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று பரிந்துரைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். நோயாளியின் தேவையைப் பார்த்து அவசியம் என்று மருத்துவர் கருதினால் விலக்கும் உண்டு. ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஒருவர் அமல்கம் வைத்தார் என்பதாலேயே அவர் சட்டத்தை மீறிவிட்டதாகச் சொல்ல முடியாது. அதே திருத்தம் வேறொன்றில் கறாராக இருக்கிறது: பாதரசத்தைப் புட்டியிலிருந்து ஊற்றிக் கையால் கலக்கும் பழைய முறைக்கு இடமே தரவில்லை. பிள்ளைகள் விஷயத்திலும் அந்தக் கறாரைக் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதைக் கேட்டதும் வாயில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளி அடைப்பைப் பிடுங்கிவிட ஓட வேண்டாம். உறுதியாக இருக்கும் அடைப்பைக் குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும். உடைந்தாலோ, அடியில் மீண்டும் சொத்தை பிடித்தாலோ மாற்றினால் போதும். இந்த விதியின் பின்னால் இருக்கும் பெரிய கவலை, கழிவுநீரிலும் குப்பையிலும் சேர்ந்து மண்ணுக்கும் மீனுக்கும் போகும் பாதரசம்.

மாற்று என்ன? பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் ஒன்று. மெல்லிய அடுக்காக வைத்து, நீல ஒளியைச் சில விநாடிகள் காட்டி இறுகச் செய்வார்கள். அதுவரை பல் எச்சில் படாமல் உலர்ந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்திருக்கப் பொறுமை இல்லாத பிள்ளைக்கு இதுதான் சோதனை. இன்னொன்று கிளாஸ் அயனோமர். ஈரத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும், ஃபுளோரைடையும் கசியவிடும். ஆனால் மெல்லும் அழுத்தத்தில் சீக்கிரம் தேயும். நாற்காலியில் உட்காரும் முன்பே “எதைக் கொண்டு அடைக்கப் போகிறீர்கள்? அமல்கம் இல்லாமல் முடியுமா?” என்று கேட்டுவிடுங்கள். அமல்கம்தான் என்றால் காரணத்தையும் கேளுங்கள். சொல்வது மருத்துவரின் கடமை.

அடைக்கும் தேவையே வராமல் பார்ப்பது எந்த விதியையும் விட மேல். இரண்டாவது நிலையான கடைவாய்ப் பல் சுமார் 12 வயதில் முளைக்கிறது. அதன் மேற்பரப்பில் உள்ள குறுகிய பள்ளங்களுக்குள் பிரஷ்ஷின் முடி இறங்காது. சொத்தை அங்கேதான் தொடங்கும். முளைத்ததும் அந்தப் பள்ளங்களை சீலன்ட் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சால் மூடிவிடலாம், குடைய வேண்டியதில்லை. மற்றபடி ஃபுளோரைடு பற்பசையால் தினமும் இருமுறை துலக்க வேண்டும், அதில் ஒன்று படுக்கப் போகும் முன். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கூடவே போய்விடும்.

பதினாறு, பதினேழு வயதினருக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது. ஆனால் 2034க்குள் பல் சிகிச்சையில் அமல்கத்தை அனைவருக்கும் முடிவுக்குக் கொண்டுவர 2025 நவம்பரில் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதுவரை அவர்களும் மருத்துவரிடம் அதே கேள்வியைக் கேட்கலாம்.