ஆங்கில வாக்கியத்தை வாலிலிருந்து பிடியுங்கள்

"முருகன் புலியைக் கொன்றான்" என்றாலும் "புலியை முருகன் கொன்றான்" என்றாலும் செத்தது புலிதான். புலியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஐ' உருபு அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. "முருகன் கில்ட் த டைகர்" என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் முருகன் செத்துப்போவான். பழைய ஆங்கிலத்திலும் நம்முடையதைப் போல வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை தேய்ந்தபின் அந்த வேலை சொல் நிற்கும் இடத்தின் தலையில் விழுந்தது. 'ஹி', 'ஹிம்' வேறுபாடு அதன் மிச்சம்.

எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். வாக்கியம் நீளும்போதுதான் இடறுகிறது. "நான் நேற்று பஸ் ஸ்டாண்டில் டீச்சரைச் சந்தித்தேன்." இதில் 'நான்' அப்படியே இருக்கட்டும். மீதியைக் கடைசியிலிருந்து படியுங்கள்: சந்தித்தேன், டீச்சரை, பஸ் ஸ்டாண்டில், நேற்று. "ஐ மெட் த டீச்சர் அட் த பஸ் ஸ்டாண்ட் எஸ்டர்டே." எல்லா வாக்கியமும் இவ்வளவு சுத்தமாகக் கவிழாது. ஆனாலும் தொடக்கத்தில் இந்தப் பிடி போதும்.

பயிற்சிக்குப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் போதும். மேலே சொன்ன வாக்கியத்துக்கு ஐந்து சீட்டு: 'ஐ', 'மெட்', 'த டீச்சர்', 'அட் த பஸ் ஸ்டாண்ட்', 'எஸ்டர்டே'. 'அட்', 'த', 'பஸ்' என்று தனித்தனியாக நறுக்காதீர்கள். சேர்ந்தே வரும் சொற்கள் ஒரே சீட்டில் இருக்கட்டும். பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும் வேண்டாம். தேர்வுத்தாளில் சொற்களைக் கலைத்துக் கொடுக்கும்போது, பெரிய எழுத்தை வைத்து முதல் சொல்லையும் புள்ளியை வைத்து கடைசிச் சொல்லையும் பிடித்துவிட்டு, நடுவைக் குத்துமதிப்பாக நிரப்பிவிடுகிறார்கள். மார்க் வரும், பேச்சு வராது.

சீட்டுகளைக் குலுக்கி முதலில் வினையைத் தேடுங்கள், அதன் இடப்பக்கம் ஆளை வையுங்கள். அடுக்கியதும் வாய்விட்டு மூன்று முறை சொல்லுங்கள். பிறகு சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு ஒரு முறை. இப்போது 'எஸ்டர்டே' சீட்டை மட்டும் நகர்த்திப் பாருங்கள். முன்னால் போகலாம்: "எஸ்டர்டே ஐ மெட் த டீச்சர்." வினைக்கும் டீச்சருக்கும் நடுவில் போகக்கூடாது. "ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்" தவறாவதும் இதனால்தான். 'வெல்' கடைசியில் வர வேண்டும்.

அடுத்து, அதே சீட்டுகளில் 'த டீச்சர்' சீட்டைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். "த டீச்சர் ஐ மெட் அட் த பஸ் ஸ்டாண்ட் எஸ்டர்டே": நான் நேற்று பஸ் ஸ்டாண்டில் சந்தித்த டீச்சர். தமிழில் கடைசியில் வரும் பெயர் அங்கே தலையில் நிற்கிறது. இதை நாளுக்கு ஐந்து வாக்கியத்தில் செய்தால் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அதற்கு மேல் போனால் கை மட்டும் வேலை செய்யும்.

கேள்விக்கு 'ஐ' சீட்டுக்குப் பதில் 'யூ' வைத்து, அதற்கு முன்னால் 'டிட்' என்று ஒரு சீட்டு சேருங்கள். இறந்த காலத்தை அது வாங்கிக்கொள்வதால் 'மெட்' சீட்டை எடுத்துவிட்டு 'மீட்' வைக்க வேண்டும். "டிட் யூ மெட்" என்பது இரண்டு தடவை சம்பளம் கொடுப்பது மாதிரி. தமிழில் "நீ எப்போ வருவே?" என்று கேட்க எந்தச் சொல்லும் இடம் மாற வேண்டாம், அந்தப் பழக்கத்தில் "வென் யூ வில் கம்?" என்கிறோம். "வென் வில் யூ கம்?" என்று திருப்பக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு எல்லா இடத்திலும் திருப்பிவிடுகிறார்கள். "டூ யூ நோ வேர் இஸ் ஹி?" என்பது அப்படி வருவது. கேள்வி ஏற்கெனவே 'டூ யூ நோ'வில் முடிந்துவிட்டது. பின்பகுதி சாதாரண வரிசைக்குத் திரும்பி "வேர் ஹி இஸ்" ஆக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் குழம்பும். ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

'கு' உருபு வந்தாலே 'டு' போடுவது இன்னொரு வழக்கம். "ஐ கேவ் ஹிம் எ புக்", "ஐ கேவ் எ புக் டு ஹிம்" இரண்டும் சரி. "ஐ கேவ் டு ஹிம் எ புக்" இடிக்கும். ஆள் முன்னால் வந்தால் 'டு' வேண்டாம்.

'நேற்றுதான் வந்தேன்' என்பதை "எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" என்றால் நம்மூரில் யாருக்கும் புரியும். தேர்விலும் நேர்காணலிலும் "ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே" என்று சொல்லிவிடுங்கள்.