சொட்டும் வியர்வை குளிர்விக்காது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் நோக்கி காமராஜர் சாலையில் ஓடினால், கடலுக்கு மேலே ஏறிய வெயில் வலது கன்னத்தில் மட்டும் விழும். திரும்பி வரும்போது இடது கன்னத்துக்கு மாறும். ஜனவரி மாரத்தானுக்காக செப்டம்பரிலேயே ஓடத் தொடங்கிவிட்ட எனக்கு வாரத்தில் மிகவும் பிடித்த நேரம் இது. உழைப்பாளர் சிலையைத் தாண்டும்போது மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்ட ஆரம்பிக்கும். “நல்லா வேர்க்குது, உடம்பு கூல் ஆயிடும்” என்பார் கூட ஓடுகிறவர். ஆனால் சொட்டிப்போன வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். அதன் நுண்துளைகளில் கசியும் நீர், ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. தோலிலும் அதே கதைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். தார்ச்சாலையில் சொட்டிய வியர்வை தண்ணீரையும் உப்பையும் மட்டுமே கொண்டுபோகும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 600 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல், அதாவது 450 கிலோகலோரியாவது, வெப்பமாகவே மாறுகிறது. அந்த உடம்பை ஒரு டிகிரி சூடாக்க 50 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், 37 டிகிரியில் கிளம்பியவரின் உடம்பு பத்தாவது கிலோமீட்டரில் 46 டிகிரியைத் தொட்டிருக்கும். 40 டிகிரியைத் தாண்டிப் புத்தி தடுமாறினாலே அது ஹீட் ஸ்ட்ரோக், உயிருக்கே ஆபத்து.

ஈரக்காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது; அங்கே மண்பானை தோற்பது போலவே நாமும் தோற்கிறோம். 2019இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். வெயிலே இல்லை. ஆனால் 30 டிகிரிக்கு மேல் வெப்பம், கூடவே கடும் புழுக்கம். கிளம்பிய 68 பேரில் 40 பேர்தான் எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். வெயிலைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்குப் புழுக்கத்தை நாம் மதிப்பதில்லை என்பது என் வருத்தம்.

இதயத்துக்கும் இதில் இரட்டை வேலை. காலுக்கு ரத்தம் வேண்டும். வெப்பத்தை வெளியே தள்ளத் தோலுக்கும் வேண்டும். வியர்க்க வியர்க்க ரத்தத்தின் அளவும் குறைகிறது. அதனால்தான் வேகம் மாறாமல் ஓடினாலும் கடைசி கிலோமீட்டர்களில் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. அப்போது கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை விட்டுவிட்டு, மூச்சுக்குத் தக்கபடி ஓடுவதுதான் சரி.

உடம்பு இதையும் கற்றுக்கொள்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம். பத்து முதல் பதினான்கு நாள் வெயிலில் பழகினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அதிகமாகவும் சுரக்கிறது. வியர்வைச் சுரப்பிகள் உப்பை வெளியே விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளப் பழகுகின்றன. முதல் வாரம் என் கறுப்புத் தொப்பியின் விளிம்பில் வெள்ளையாக, பட்டையாக உப்புப் பூத்திருந்தது. மூன்றாவது வாரம் அது மெல்லிய கோடாகிவிட்டது.

நிறைய வியர்க்கிறதே என்று தண்ணீரை மடமடவென்று குடித்துத் தள்ளவும் கூடாது. 2002இல் பாஸ்டன் மாரத்தான் ஓடிமுடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதம் பேருக்கு உப்பில் உள்ள சோடியம் குறைந்திருந்தது. வழியில் அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். நீண்ட ஓட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் எனக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கலங்கரை விளக்கத்தடியில் வந்து நின்றதும்தான் வியர்வை ஆறாகப் பெருகும். ஓடும்போது நாமே உண்டாக்கிய காற்று நின்றுவிட்டது. உள்ளே வெப்பமோ இன்னும் தணியவில்லை. அதனால் நான் உடனே உட்காருவதில்லை. காற்று வரும் பக்கமாக, முதுகில் ஒட்டிய பனியன் உலரத் தொடங்கும்வரை நடந்துகொண்டிருப்பேன்.