ஜாமீனில் ‘ஜ’ எப்படி வந்தது?

“தம்பியின் வங்கிக் கடனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் நிலத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கியதால்தான் ஜமீன் என்ற சொல்லிலிருந்து ஜாமீன் வந்தது என்கிறார் நண்பர். உண்மையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்மையில்லை. ஜமீன் பாரசீகச் சொல், நிலம் என்று பொருள். ஜாமீன் அரபுச் சொல். காதுக்கு அண்ணன் தம்பி போல ஒலித்தாலும் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னை வேறொரு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அரபு மொழியில் ஜாமீன் என்ற சொல் ‘ஜ’வில் தொடங்குவதே இல்லை! அப்படியானால் நம் ‘ஜ’ எங்கிருந்து வந்தது?

முதலில் சொல்லின் உடம்பைப் பார்ப்போம். அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து பிறக்கும். முதல் மெய்க்குப் பின் ‘ஆ’வும் இரண்டாவதற்குப் பின் ‘இ’யும் நுழைந்தால் அந்தச் செயலைச் செய்பவர் என்ற பொருள் வந்துவிடும். எழுதுதலைக் குறிக்கும் வேரை இந்த அச்சில் வார்த்தால் ‘காதிப்’, அதாவது எழுதுபவர். பொறுப்பேற்றலைக் குறிக்கும் வேரை வார்த்தால் ‘ளாமின்’, பொறுப்பேற்பவர். இதே வேரில் ‘உள்ளே’ என்று பொருள்படும் ‘ளிம்ன்’ என்ற சொல்லும் உண்டு. அடுத்தவர் கடனைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறவர் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘ளாமின்’ என்று ளகரம் போட்டு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த முதல் எழுத்தின் பெயர் ‘ளாத்’. அரபியர் தங்கள் தாய்மொழியையே ‘ளாத் மொழி’ என்று பெருமையோடு அழைப்பார்கள், அவ்வளவு அபூர்வமான ஒலி. ‘ல்ல்ல்’ என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி பற்களின் பின்னால் ஒட்டியிருக்க, காற்று நாக்கின் ஓரமாக வழிந்து போகும். இப்போது நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பற்களை நோக்கி அழுத்துங்கள். காற்று உரசிக்கொண்டு வரும். அதோடு அடிநாக்கையும் பின்னால் உயர்த்தினால் பழைய ளாத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். 8ஆம் நூற்றாண்டில், இன்றைய ஈராக்கில் உள்ள பஸ்ராவில் வாழ்ந்த இலக்கண அறிஞர் சீபவைஹி, நாக்கின் ஓரமும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களும் சேரும் இடத்தில்தான் இந்த ஒலி பிறக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். கருவி ஏதும் இல்லாத காலத்தில், தன் வாயையே ஆய்வுக்கூடமாக்கி அவர் கண்டு சொன்னது அது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இன்றைய அரபியரில் பெரும்பாலோர் இதைக் கனத்த டகரம் போலத்தான் சொல்கிறார்கள். பழைய ஒலி எப்படி இருந்தது என்பதற்கு மற்ற மொழிகளில் தடயம் கிடைக்கிறது. நீதிபதியைக் குறிக்கும் ‘அல்காளி’ என்ற அரபுச் சொல்லை ஸ்பானியர் ‘அல்கால்தே’ என்று வாங்கிக்கொண்டார்கள். அங்கே இன்று அதற்கு நகரத் தலைவர் என்று பொருள். ளாத் ஒன்றே அவர்கள் காதில் லகரமும் தகரமுமாகப் பிரிந்து கேட்டிருக்கிறது.

பாரசீகர்களுக்கு இந்த ஒலி வரவில்லை. எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உச்சரிப்பில் வண்டு ரீங்காரம் போன்ற, ஜகரத்துக்கு நெருங்கிய ஓர் உரசொலியாக மாற்றிவிட்டார்கள். அப்படித்தான் அது உருதுவுக்கும் போனது. பாரசீகமும் உருதுவும் அரசு அலுவல் மொழிகளாக இருந்த காலத்தில் அந்தச் சொற்கள் தமிழுக்குள் வந்தன. நம்மிடம் அந்த ரீங்கார ஒலி இல்லாததால் அதை ‘ஜ’ ஆக்கிக்கொண்டோம். ளாத், ரீங்காரம், ஜகரம்: மூன்றே படிகள்.

இந்த மாற்றம் ஜாமீனோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ‘ஜில்லா கோர்ட்டில் ஆஜராகி, ஜப்திக்குத் தடை வாங்கி, ஜாமீன்தாரர் முன்னிலையில் ராஜியானார்கள்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இதில் உள்ள ஐந்து ஜகரமும் அரபியில் ளாத்! ஜில்லாவின் மூலச்சொல்லுக்கு விலா எலும்பு, பக்கம் என்று பொருள். ஆஜரின் மூலம் ‘ஹாளிர்’, வந்திருப்பவர். ராஜியின் மூலம் ‘ராளி’, மனம் ஒப்பியவர். இந்த இரண்டும் ஜாமீனை வார்த்த அதே அச்சில் வார்த்தவை. ராஜியோடு கடிதத்தைக் குறிக்கும் ‘நாமா’ சேர்ந்தால் ராஜினாமா. ஒப்புதல் பத்திரமாக இருந்த சொல் நம் ஊரில் வேலையை விடும் கடிதமாகிவிட்டது.

ளாத் தமிழுக்கு இன்னொரு வழியிலும் வந்தது, கடல் வழியாக. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற துறைமுக ஊர்களில் அரபு வணிகர்களோடு நேரடியாகப் பழகியவர்கள், நடுவில் பாரசீகம் இல்லாமல் அரபியைக் கற்றார்கள். அவர்கள் வழக்கில் ளாத் ளகரமாகவோ ழகரமாகவோ நின்றது. தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது ‘ஒளு’. கட்டாயக் கடமை ‘பர்ளு’. நோன்பு மாதம் ‘ரமளான்’, இலங்கையில் ‘ரமழான்’. அதே மாதம் உருது வழியாக வந்தபோது ‘ரம்ஜான்’. ஒரே தெருவில் ஒரு சுவரொட்டி ரமலான் வாழ்த்தும், அடுத்தது ரம்ஜான் வாழ்த்தும் சொன்னால், ஒன்று கப்பலில் வந்தது, மற்றது தரைவழியே வந்தது. மலேசியத் தமிழர்கள் தினமும் கேட்கும் ‘பெர்லு’ என்ற மலாய்ச் சொல்லும், ‘தேவை’ என்ற பொருளில், நம் பர்ளுவோடு பிறந்ததுதான். அங்கேயும் லகரம்!

சொல்லாராய்ச்சி அறிவியலாவது இந்த ஒழுங்கினால்தான். ஒரு சொல்லில் நடந்த ஒலிமாற்றம், அதே வழியில் வந்த மற்றச் சொற்களிலும் நடந்திருக்க வேண்டும். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டு சொற்களை முடிச்சுப் போடுவது, ராசி எண் பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் மாற்றுவது போன்றது. கைப்பேசியில் வரும் அந்த மாதிரிச் செய்திகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மைக் கதை அவற்றைவிட எவ்வளவோ அழகானது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. அதோடு நிற்காமல், ஒவ்வொரு சொல்லும் எந்தக் கல்வெட்டில், எந்தப் பத்திரத்தில் முதலில் தென்படுகிறது என்று ஆண்டோடு காட்டும் வரலாற்று அகராதி நமக்கு வேண்டும். அதற்கு நிரந்தரமாக நிதி ஒதுக்குவதை வீண்செலவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாசகரின் கையெழுத்துக்கு வருவோம். ஜாமீன் முதலில் ஓர் ஆளைக் குறித்த சொல். இந்தியில் இன்றும் ஆள் ‘ஜாமின்’, அவர் தரும் உறுதி ‘ஜமானத்’. நாம் ஆளுக்குரிய சொல்லை எடுத்து உறுதிக்குச் சூட்டிவிட்டோம். அதனால்தான் ‘ஜாமீன் கிடைத்தது’ என்கிறோம். ஆளைச் சொல்ல மறுபடி ‘தாரர்’ ஒட்ட வேண்டியதாயிற்று. நம் சொந்தச் சொல்லான பிணை வேறு படத்தைக் காட்டுகிறது. பிணைத்தல் என்றால் சேர்த்துக் கட்டுதல்.

சட்டமும் கட்டித்தான் வைக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. தம்பியிடம் வசூலிக்க முயன்று பார்த்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் வங்கிக்கு இல்லை. உங்கள் பொறுப்பு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டும் வரி ஏதாவது அந்தப் படிவத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.