கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் முடிவையும் சேர்த்தே கொண்டுவருவார்கள்: "கார்புரேட்டர் போயிடுச்சு, வேற போடணும்." கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் உரிமையாளர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், மாற்றியே விட்டுத்தான் வந்தார். இருந்த இரண்டு எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்களையும் கழற்றிவிட்டு, இரட்டை வாய் கொண்ட ஒற்றை வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டரைப் பூட்டியிருந்தார். மிதித்தால் சீறிக்கொண்டு போனது. மெதுவாக ஓட்டினால் திணறல், பிளக்கெல்லாம் கரி.

அந்த வெபரில் பழுது ஒன்றும் இல்லை. ஆனால் அது வேறொரு காரிலிருந்து வந்தது. அங்கே நாலு சிலிண்டருக்கு இரண்டு வெபர். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சிலிண்டர்தான். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினில் காற்று உள்ளே போக இரண்டே வழிகள், ஒவ்வொன்றையும் இரண்டு சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒற்றை வெபரைப் பூட்டினால் ஒரு வாய் இரண்டு சிலிண்டருக்கு ஊட்ட வேண்டும். முந்தைய காருக்குப் பொருத்திய வெஞ்சுரியும் (காற்று போகும் குறுகல் வளையம்) ஜெட்டும் (பெட்ரோலை அளந்து விடும் துளை) இதற்கு எப்படிச் சரிப்படும்?

45 என்ற எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். அது த்ரோட்டில் (காற்றைத் திறந்து மூடும் தகடு) இருக்கும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். காற்று நெருக்கிப் போகும் இடம் உள்ளே செருகியிருக்கும் வெஞ்சுரி, அதை மாற்றிக்கொள்ளலாம். அது தேவைக்கு மேல் அகலமாக இருந்தால், குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி பெட்ரோல் சரியாகத் தூவப்படாது. அதனால் விற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த இன்ஜினுக்கு, என்ன வெஞ்சுரி, என்ன ஜெட் என்பதைத்தான். எஸ்யூ இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமைசாலி. இழுக்கும் காற்றுக்கு ஏற்ப அதன் பிஸ்டன் ஏறி இறங்கி, வழியைத் தானே திறந்து சுருக்கிக்கொள்ளும். ஆனாலும் பெட்ரோலை அளக்கும் நீடில் (ஊசி) அந்த இன்ஜினுக்கு உரியதாக இருக்க வேண்டும். (மேலே மூடியைத் திறந்து, அந்தப் பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் டேம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றினாலே சட்டென்று மிதிக்கும்போது வண்டி திக்கும்.)

இன்னொன்று, பெட்ரோல் அழுத்தம். டிசிஓஇக்கு சுமார் 3 பிஎஸ்ஐ போதும். வேகமான எலக்ட்ரிக் பம்பை ரெகுலேட்டர் இல்லாமல் இணைத்தால் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் (மிதவையின்) ஊசி வால்வால் தாக்குப்பிடிக்க முடியாது, பெட்ரோல் வழியும். கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கும் கார்களில் இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதே இல்லை. பழைய ரப்பர் குழாய்களையும் அதோடு மாற்றிவிடுவேன். எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றை அரித்துவிடும்.

பூட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கலவையை அளந்து பார்க்க வேண்டும். முழு த்ரோட்டிலில், எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 பங்கு காற்று என்பது நல்ல தொடக்கம். பெட்ரோல் மிஞ்சினால் கரியோடு போகும். பற்றாமல் போனால் இன்ஜின் பிஸ்டனையே ஓட்டையாக்கலாம்.

அந்த எம்ஜிபியின் பழைய எஸ்யூக்களை எடுத்துவரச் சொல்லி, த்ரோட்டில் கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இரண்டிலும் தண்டு கடகடவென்று ஆடியது. அந்த இடைவெளியில் காற்று புகுந்ததால்தான் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) சீராக இல்லாமல் இருந்திருக்கிறது. புதுத் தண்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் போட்டு அவற்றையே திரும்பப் பூட்டினேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் தேய்ந்துபோன பாயிண்டையும் மாற்றினேன். வெபர் இப்போது அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விற்க மனம் வரவில்லையாம்.