வெற்றூசி: ‘டிரை நீட்லிங்’ என்ற சொல்லும் அதற்கான தமிழும்

போன வருடம் இடது தோளில் பிடிப்பு வந்து ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய்விட்டு வந்தேன். அம்மா போனில் விசாரித்தார்.

“என்ன வைத்தியம் பண்ணினாங்க?”

“ஊசி குத்தினாங்கம்மா.”

“என்ன மருந்து?”

“மருந்தெல்லாம் இல்ல. ஊசி மட்டும்தான்.”

“மருந்து இல்லாம எதுக்கு ஊசி?”

‘டிரை நீட்லிங்’ என்ற பெயர் பிறந்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான். அதைத் தமிழில் பலரும் ‘உலர் ஊசி சிகிச்சை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. ஈர ஊசியைத் துடைத்துக் காயவைத்துக் குத்துவதுபோல ஒரு எண்ணத்தைத் தருகிறதே தவிர, விஷயத்தைச் சொல்லவில்லை.

தமிழில் ‘ஊசி’ கருவியையும் குறிக்கும், அதன் வழியே உடம்புக்குள் போகும் மருந்தையும் குறிக்கும். ‘காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன்’ என்றால் நாம் சொல்வது மருந்தைத்தான். தடுப்பூசியிலும் அப்படியே. ஆக, ‘ஊசி போடுதல்’ வேறு, ‘ஊசி குத்துதல்’ வேறு. வினையை மாற்றியதும் மருந்து மறைந்துவிடுகிறது. நம் மொழி ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் ஆங்கிலத்துக்கு ‘டிரை’ என்ற அடைமொழி தேவைப்பட்டது.

சென்ற நூற்றாண்டின் முதற்பாதியில், தசைவலிக்கு வலிக்கும் இடத்திலேயே புரோகெயின் போன்ற மரப்பு மருந்தைச் செலுத்தும் வழக்கம் பரவியது. 1940களில் சில மருத்துவர்கள் மருந்தைச் செலுத்தியும், உப்புநீரைச் செலுத்தியும், எதையும் செலுத்தாமல் ஊசியை மட்டும் குத்தியும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்தில்லாத ஊசியும் வலியைக் குறைத்தது. மருந்து செலுத்துவது ‘ஈரம்’ என்றால், செலுத்தாதது ‘உலர்’. அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் இந்தத் துறையின் பெரிய பெயர். 1961இல் அதிபர் கென்னடியின் மருத்துவராக வெள்ளை மாளிகைக்குப் போனவர், அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண். அவரும் டேவிட் சைமன்ஸும் சேர்ந்து எழுதி 1983இல் வெளியிட்ட கையேடு, தசையில் எந்த முடிச்சு எங்கே வலியைக் கொண்டுபோகும் என்பதைப் படம் போட்டுக் காட்டியது. ஆனால் டிராவெல் பெரிதும் நம்பியது மருந்தூசியை. மருந்தில்லாத ஊசிக்குத் தனி மதிப்பு வாங்கிக் கொடுத்தவர் செக் நாட்டு மருத்துவர் காரல் லெவிட். 1979இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 241 பேரின் 312 வலியிடங்களைக் கணக்கில் எடுத்தார். வலி மிகுந்த புள்ளியை ஊசி சரியாகத் தொட்டபோது 86.8 விழுக்காட்டில் வலி உடனே தணிந்ததாக எழுதினார். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. இருந்தாலும் ‘பலன் மருந்தால் அல்ல, குத்தினதால்’ என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுத்தது.

அப்புறம் கருவியும் மாறியது. அந்தக் காலத்தில் குத்தியது மருந்து போடும் துளையுள்ள ஊசி. இன்று குத்துவது துளையே இல்லாத, கால் மில்லிமீட்டர் பருமன் கொண்ட நுண்ணூசி. இதில் மருந்து ஏற்ற நினைத்தாலும் முடியாது. ஆக, ‘டிரை’ என்ற அடைமொழிக்கு இன்று வேலையே இல்லை. பழைய ஊசியின் நினைவாகப் பெயரில் தங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் ‘டிரை’ என்றால் ஈரமின்மை மட்டுமல்ல, இருக்க வேண்டிய ஒன்று இல்லாமை. காந்தி ஜெயந்தி அன்று ‘ட்ரை டே’ என்கிறோமே, அன்று மழை பெய்தாலும் அது ட்ரை டேதான். ‘டிரை ரன்’ என்பார்கள் ஒத்திகை ஓட்டத்தை. இதற்குத் தமிழில் எவ்வளவு அழகான சொல் இருக்கிறது பாருங்கள்: வெள்ளோட்டம். புதுத்தேர் செய்தால், சாமியை ஏற்றாமல் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். தேர் உண்டு, வடம் உண்டு, சக்கரம் உருளும். சாமி மட்டும் இல்லை. அந்த ‘வெள்’ளுக்கு வெறுமை என்று பொருள். யாரும் அதை ‘உலர் ஓட்டம்’ என்று சொல்லவில்லை.

அதே வழியில் போனால் டிரை நீட்லிங்குக்குச் சொல் கிடைத்துவிடுகிறது. மருந்தை ஏற்றாத ஊசி, வெறும் ஊசி. வெறுமை என்ற பண்பு உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது றகரம் இரட்டிக்கும்: வெற்றிடம், வெற்றுடம்பு, வெற்றிலை. பூவோ காயோ எதுவுமின்றி இலையாக மட்டும் பயன்படுவதால் வெறு இலை, வெற்றிலை ஆயிற்று என்பார்கள். அப்படியே வெறுமை, ஊசி இரண்டும் சேர்ந்தால் வெற்றூசி. செயலைச் சொல்ல ‘வெற்றூசி குத்துதல்’, சிகிச்சையைச் சொல்ல ‘வெற்றூசிமுறை’.

‘வெற்றுப் பேச்சு’, ‘வெற்று வேட்டு’ என்று இழிவாகவும் வருகிறதே, பயனில்லாத ஊசி என்று பொருள் ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வெறும் வயிற்றில் மாத்திரை போடு என்று மருத்துவர் சொன்னால் யாரும் வயிற்றை இழிவாக நினைப்பதில்லை. நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் மட்டும் ‘மருந்தில்லா ஊசிமுறை’ என்று விளக்கமாக எழுதுவது நல்லது. அங்கே அழகைவிடத் தெளிவு முக்கியம்.

சரி, இதுவும் அக்குபங்சரும் ஒன்றா? முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ‘ஆக்குஸ்’ என்றால் லத்தீனில் ஊசி, ‘புங்க்டூரா’ என்றால் குத்து. சைக்கிள் கடையில் ஒட்டுகிற பஞ்சரும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். இரண்டையும் இணைத்தவர் வில்லெம் டென் ரைனே என்ற டச்சு மருத்துவர். 1674 முதல் இரண்டு வருடம் ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் டச்சு வணிகக் கம்பெனியின் மருத்துவராக இருந்து, ஊசி வைத்தியத்தை அங்கே கண்டு, 1683இல் லண்டனில் வெளியான லத்தீன் நூலில் ‘அக்குபுங்க்டூரா’ என்று எழுதினார். சீனர்கள் சொல்வது ‘ஜென்ஜியூ’. ஜென் என்றால் ஊசி, ஜியூ என்றால் மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்துக் கொளுத்திச் சூடு காட்டுவது. ஊசியும் சூடும் சேர்ந்த சீனப் பெயரில் பாதியைத்தான் லத்தீன் எடுத்துக்கொண்டது. தமிழில் ‘குத்தூசி மருத்துவம்’ என்பது அந்த லத்தீனின் நேர்ப்பொருள். குத்தூசி என்பது கூரை வேயவும் மூட்டை தைக்கவும் கையாளும் பெரிய ஊசிக்கு முன்பே பெயராக இருந்ததால், அச்சொல்லைக் கேட்டதும் கிராமத்துக்காரர்கள் பயந்துவிடுவார்கள். ஆனாலும் சொல் வழக்கில் நின்றுவிட்டது, இருக்கட்டும்.

ஊசி ஒன்றுதான், குத்துவதற்குச் சொல்லும் காரணம் வேறு. குத்தூசி மருத்துவம் ‘சீ’ என்ற உயிராற்றல் ஓடும் தடங்களைப் பேசுகிறது. அந்தத் தடங்களில் 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனம் வரிசைப்படுத்தியிருக்கிறது. வெற்றூசிமுறை உடற்கூற்றைப் பேசுகிறது. விரலால் அழுத்தித் தடவி, தசைக்குள் முறுக்கேறிய நாரையும் அதில் வலிக்கும் முடிச்சையும் தேடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘டிரிகர் பாயிண்ட்’. நான் ‘வலிமுடிச்சு’ என்று எழுதுவேன், ஏனென்றால் ‘கழுத்துல முடிச்சு விழுந்திருக்கு’ என்று நம் மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். தோள்மேல் தசையில் உள்ள முடிச்சு நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரியும்; பிட்டத்துத் தசையில் உள்ளது கால்வரை இறங்கி வலிக்கும். முடிச்சைத் தொட்டதும் தசை மீன்போலத் துள்ளுகிறது. என் தோளிலும் துள்ளியது, திடுக்கிட்டுப்போனேன். குத்தூசி மருத்துவர் ஊசியைக் குத்திவிட்டு இருபது, முப்பது நிமிடம் அப்படியே விட்டுவைப்பதுண்டு. இங்கே சில நொடிகள் மேலும் கீழும் அசைத்துவிட்டு எடுத்துவிடுவதும் உண்டு. அடுத்த நாள் அந்த இடம் கன்றிப்போய் வலிக்கும்.

ஆனால் எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. ஏழாம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சுன் சிமியாவ், தடங்களில் வராத சில புள்ளிகளையும் சொல்கிறார். அழுத்தினால் நோயாளி ‘ஆ, அதுதான்!’ என்று கத்தும் இடம் எதுவோ, அதுவே புள்ளி. பெயரும் அதுவே: ‘ஆ ஷி’. பிசியோதெரபிஸ்ட் அழுத்தியபோது நானும் ‘ஆ, அங்கேதான்’ என்றேன். 1977இல் வலி ஆய்வாளர் மெல்சாக் முதலானோர் வலிமுடிச்சுகளும் அக்குபங்சர் புள்ளிகளும் 71 விழுக்காடு பொருந்துவதாக எழுதினார்கள். 2003இல் அக்குபங்சர் ஆய்வாளர் ஸ்டீபன் பர்ச் அந்தக் கணக்கை மறுபடி சோதித்து, உண்மையான பொருத்தம் 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்றார்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அக்குபங்சர் என்றால் அதற்கென உரிமம் வேண்டும். டிரை நீட்லிங் என்றால் பிசியோதெரபிஸ்டே செய்யலாமா? வாஷிங்டன் மாநிலத்தில் 2014இல் கிங் கவுண்டி நீதிமன்றம் அது பிசியோதெரபியின் வரம்பில் வராது என்றது. வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2018இல் வரம்பில் வரும் என்றது. ஊசி ஒன்றே, பெயர் மாறினால் குத்துவதற்கான உரிமை மாறுகிறது.

பலன் உண்டா என்று கேட்டால், சில வாரங்களுக்கு வலி குறைவதற்கு ஓரளவு சான்று இருக்கிறது, நீண்ட காலப் பலனுக்குச் சான்று வலுவாக இல்லை. வலிமுடிச்சு என்று தனியாக ஒன்று உண்டா என்பதையே சில வலி ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. எனக்கு ஒரு மாதம் நிம்மதி கிடைத்தது. உடற்பயிற்சியும் கூடவே செய்ததால், எதனால் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மருந்து இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. தோள்மேல், கழுத்தடி, விலா ஓரங்களில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலின் உறையைத் துளைத்து, காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிடலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி புதிதாக, உங்கள் கண்முன் பிரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். குத்திய சில மணி நேரத்தில், அல்லது மறுநாள்கூட, மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ தசைவலிதானே என்று படுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ‘மருந்தில்லா ஊசி குத்திக்கொண்டேன், இந்த இடத்தில்’ என்று காட்டுங்கள். வெறுமனே ‘ஊசி போட்டாங்க’ என்றால், அங்கேயும் முதலில் ‘என்ன மருந்து?’ என்றுதான் கேட்பார்கள்.