அந்த மண்மேட்டு மேல ஏறாதீங்க ப்ளீஸ்

இங்கிலாந்துல பழைய மலைக்கோட்டைகள நடந்து பாத்து, எங்க அரிச்சிருக்கு எங்க சரிஞ்சிருக்குன்னு ரிப்போர்ட் எழுதுறதுதான் என் வேலை. போன மழைக்காலத்துல ஒரு கோட்டைக்குப் போனா, அகழிக்குள்ள இறங்கி மேட்டுல தாவி ஏற சைக்கிள்காரங்க தனியா ஒரு தடமே போட்டு வச்சிருக்காங்க, புல்லு போயி உள்ள இருக்குற கல்லு தெரியுது, மனசே ஆறல.

கோட்டைன்னதும் எல்லாரும் கல்லுச் சுவரத் தேடுறாங்க. ஆனா இங்க கோட்டைன்னா அகழியும், அத ஒட்டி மேடா குவிச்ச கரையும்தான். கிளாஸ்டர்ஷைர்ல கிரிக்லி ஹில்னு ஒரு இடம், மலை விளிம்புல இருந்து மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு பக்கமும் நுனியும் சரிவு, அதனால மலையோட ஒட்டுற அந்தக் கழுத்துப் பக்கம் மட்டும் குறுக்க அகழி வெட்டி, வெட்டின கல்லையே கரையா அடுக்கி நடுவுல மரம் கோத்துக் கட்டிட்டாங்க. எவ்வளவு கணக்கான வேலை பாருங்க! இது சுமார் 2500 வருஷத்துக்கு முன்னாடி, இரும்புக்காலத்துல.

1969ல இருந்து 1993 வரைக்கும் தொல்லியலாளர் ஃபிலிப் டிக்சன் டீம் அங்க தோண்டினாங்க. கரைக்குள்ள இருந்த மரம் தீப்பிடிச்சு, அந்தச் சூட்டுல சுண்ணாம்புக்கல்லு செவந்து, சில எடத்துல வெந்து சுண்ணாம்பாவே ஆயிருக்கு. அதுக்கும் ரொம்ப முன்னாடி, புதிய கற்காலத்துலயே அங்க ஒரு அடைப்பு (அகழியால வளைச்ச எடம்) இருந்திருக்கு, அதுல 400க்கு மேல கல் அம்புமுனை கெடச்சுது, நிறைய வாசலச் சுத்தியே கெடந்திருக்கு. அம்பு விட்டுத் தாக்கியிருக்காங்கன்னு நமக்குத் தெரியுறதே அதது விழுந்த எடத்துல அப்படியே கெடந்ததாலதான். யாராவது நாலு முனைய பாக்கெட்ல போட்டுட்டுப் போயிருந்தா அந்தக் கதையில அவ்வளவு ஓட்டை விழுந்திருக்கும்.

அகழில தூந்து கெடக்குற மண்ணும் அப்படித்தான். வெட்டின கொஞ்ச வருஷத்துல பனியில ஓரம் உதிர்ந்து கல்லு விழும், அப்புறம் நைசான வண்டல், அப்புறம் புல்லுவேர் மண். இத நேர்ல பாக்கணும்னே 1960ல வில்ட்ஷைர் ஓவர்டன் டவுன்ல புதுசா ஒரு கரையும் அகழியும் போட்டு, இடைவெளியக் கூட்டிக்கிட்டே அப்பப்ப வெட்டிப் பாத்துட்டு வர்றாங்க. கரைக்கு அடியில மூடின பழைய நிலத்துல மகரந்தம், கரி எல்லாம் இருக்கும், கோட்டை கட்டுறதுக்கு முன்னாடி அங்க காடா வயலான்னு அது சொல்லும்.

முயல் வளை, மரவேர், நம்ம கால், எல்லாமே இதக் கலைக்கும். அதனால போட்டிருக்குற பாதையிலயே நடங்க, மேட்டுச் சரிவுல ஷார்ட்கட் எடுக்காதீங்க, பசங்கள சறுக்க விடாதீங்க. மெட்டல் டிடெக்டர் வேண்டவே வேண்டாம், பழைய சின்னங்களக் காக்குற 1979 சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எடத்துல அனுமதி இல்லாம அத யூஸ் பண்ணாலே குற்றம். புதுசா குழி எதாவது கண்ணுல பட்டா நீங்களே மூடிடாதீங்க, ஒரு போட்டோ எடுத்து, எடத்தக் குறிச்சு, அந்த எடத்தப் பாத்துக்குறவங்களுக்கோ 101 (இங்கிலாந்துல அவசரமில்லாத விஷயத்துக்கான போலீஸ் நம்பர்) போட்டு போலீசுக்கோ சொல்லிடுங்க.