கம்பைலர் எதைத் தொகுக்கிறது?

சைக்கிள் பாகங்களைப் பூட்டி வண்டியாக நிறுத்தினால் அது அசெம்பிள். அங்கங்கே கிடக்கும் பாடல்களைத் திரட்டி நூலாகத் தொகுத்தால் கம்பைல். அகராதியில் இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம்தான். கணினிக்குள் நுழைந்ததும் இரண்டும் வேறு வேலைக்குப் போய்விட்டன.

பாலிடெக்னிக் லேபில் 8085 என்ற சிப் பொருத்திய பயிற்சிக் கிட்டைத் தட்டியவர்களுக்கு அசெம்பிள் வேலை தெரியும். சிப்புக்குள் எண்ணை வைக்கும் 'ஏ ரெஜிஸ்டர்' என்ற இடத்தில் 2ஐப் போட வேண்டுமா, நோட்டில் 'எம்விஐ ஏ, 02' என்று எழுதுவோம். சிப்புக்கு அது புரியாது. அட்டவணையில் அதற்கான எண்குறியைப் பார்த்து 3ஈ (3E) 02 என்று அழுத்துவோம். அதனோடு 3ஐக் கூட்ட 'ஏடிஐ 03'. அதற்கு சி6 (C6) 03. ஒவ்வொரு ஜோடியும் ஒரு பைட், மொத்தம் நான்கு பைட். நம் விரல் பார்த்த இந்த வேலையைப் பார்க்கும் நிரல்தான் அசெம்பிளர். பெரும்பாலும் ஒரு வரிக்கு ஒரு கட்டளை. எழுதியது அசட்டுத்தனமாக இருந்தாலும் அப்படியே மாற்றித் தரும்.

கம்பைலர் சும்மா இருக்காது. சி என்ற நிரல்மொழியில் 2 + 3 என்று கொடுத்தால், வாக்கியத்தைப் படித்து, இலக்கணம் பார்த்து, கூட்டலையும் தானே போட்டுவிடும். அதே சிப்புக்கு அது அனுப்புவது 3ஈ 05 என்ற இரண்டே பைட்டாக இருக்கலாம். நாம் போட்ட கூட்டல் குறி எங்கேயுமே இருக்காது.

இதில் தொகுப்பு எங்கே வந்தது? பெயர் வைத்த காலத்தில் இருந்தது. 1951-52இல் கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்கு ஏ-0 நிரலை எழுதினார். முன்பே எழுதி நாடாவில் வைத்திருந்த துணைநிரல்களை, அதாவது குட்டி நிரல்களை, கேட்ட வரிசையில் எடுத்து, நினைவகத்தில் அவை இருக்கும் முகவரிகளைச் சரிசெய்து, ஒரே நிரலாகக் கோத்துத் தந்தது அது. அசல் தொகுப்பு வேலை. வேடிக்கை என்னவென்றால், கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினிக்காரர்கள் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் 1951இல் 'அசெம்பிளி' என்றார்கள்.

1957இல் ஐபிஎம் 704 கணினிக்கு ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி வந்தது. ஜான் பேக்கஸ் குழுவின் அந்தக் கம்பைலர் கணித வாய்பாடுகளைப் படித்து இயந்திரக் கட்டளையாக்கியது. கடையில் சரக்கு மாறிவிட்டது, பெயர்ப்பலகை மாறவில்லை. தமிழில் 'தொகுப்பி' என்றபோது நாமும் அந்தப் பழைய பலகையைத்தான் மாட்டிக்கொண்டோம். மொழிமாற்றி என்பதே பொருத்தம் என்பது என் கட்சி.

ஹாப்பரின் கோக்கும் வேலை ஒழிந்துவிடவில்லை. கம்பைலர் முடித்த கையோடு, தனித்தனித் துண்டுகளையும் நூலகத் துணைநிரல்களையும் முகவரி பார்த்து இணைக்க இன்னொரு நிரல் வருகிறது. அதன் பெயர் லிங்கர்.